குச்சி யார் கையில்? – மணலிலிருந்து ஸ்மார்ட் போர்டு வரை

விஜயதசமி அன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பார்கள். பக்கத்தில் நிற்கும் தாத்தா பாட்டிக்கெல்லாம் முகம் மலர்ந்துவிடும். மறுநாள் அந்த அரிசி பொங்கலாகிவிடும், குழந்தை நோட்டுப் புத்தகத்துக்குப் போய்விடும். இன்று இது ஒரு நாள் சடங்கு. ஆனால் இருநூறு வருடங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடம் என்றாலே கிட்டத்தட்ட இதுதான். அரிசிக்குப் பதில் மணல், தாம்பாளத்துக்குப் பதில் தரை, அவ்வளவே வித்தியாசம்.

வகுப்பறைக் கருவிகளின் வரலாறு என்றதும் எல்லோரும் கரும்பலகை, புரொஜெக்டர், கம்ப்யூட்டர் என்று வரிசையாக அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று தெரிந்துகொள்வதில் பெரிய சுவாரசியம் இல்லை. ஒவ்வொரு கருவியும் வந்தபோது எழுதும் குச்சி யார் கையில் இருந்தது? அதற்குச் செலவு செய்தது யார்? இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது.

திண்ணையும் மணலும்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பையன் முதலில் மணலில் விரலால் எழுதுவான். வாயால் எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே விரல் அதன் வடிவத்தைப் போடும். தப்பாகப் போனால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், பலகை புதிது! எழுத்து கை வந்த பிறகுதான் ஓலை. ஓலையில் எழுத்தாணியால் கீறினால் கீறல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் மஞ்சள், கோவை இலைச் சாறு, ஊமத்தை இலைச் சாறு, கரி என்று கிடைத்ததைப் பூசித் துடைப்பார்கள். கீறலுக்குள் கறுப்பு இறங்கி எழுத்து பளிச்சென்று தெரியும். இதற்கு மையாடல் என்று ஒரு தனிச் சடங்கே இருந்தது. (இந்தக் கோவையும் ஊமத்தையும் கரியும் பிறகு இன்னொரு இடத்தில் வரப்போகின்றன, ஞாபகம் இருக்கட்டும்.)

அங்கே நடந்த கணக்குப் பாடம் இன்றைய வணிகவியல் மாணவர்களைக் கொஞ்சம் வெட்கப்பட வைக்கும். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்று வரிசையாக மனப்பாடம். பொன்னிலக்கம் எண்களுக்கு, நெல்லிலக்கம் தானிய அளவுக்கு, எண்சுவடி பெருக்கலுக்கு, குழிமாத்து நில அளவைக்கு. பின்னம் என்றால் அரை, கால் மட்டுமல்ல. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320. பத்து வயதுப் பையன் முந்திரிக் கணக்கை வாயாலேயே போட்டிருக்கிறான். கால்குலேட்டர் இல்லாமல் ஐந்து சதவீதத் தள்ளுபடி போடத் திணறும் நம் தலைமுறை, அந்த ஐந்து சதவீதத்துக்கு 'ஒரு மா' என்று ஒரே எழுத்தில் பெயர் இருந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

வாத்தியார் ஒருவர்தான். பையன்கள் பல வயதில் இருப்பார்கள். அதனால் மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளை ஆவான். சின்னவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, முறை வைப்பது, வாத்தியார் இல்லாதபோது மேய்ப்பது எல்லாம் அவன் வேலை. 'கருவி' என்று பட்டியல் போட்டால் இந்தச் சட்டாம்பிள்ளையையும் சேர்க்க வேண்டும். பிரம்பையும் சேர்க்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்க விடும் 'கோதண்டம்' என்ற தண்டனையையும் விட்டுவிட முடியாது. எல்லாக் கருவிகளிலும் அதிக நாள் உயிரோடு இருந்தது பிரம்புதான். 2009-ம் வருடத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தில்தான் அதற்கு நாடு முழுவதும் தடை வந்தது.

பழையதெல்லாம் பொற்காலம் என்று சொல்லிவிட வேண்டாம். சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். 1826-ல் தொகுத்துப் பார்த்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தது தெரிந்தது. அதில் பெண்கள் எத்தனை பேர்? வெறும் 4,540. மொத்த மக்கள்தொகையில் 67 பேருக்கு ஒருவர்தான் படித்துக்கொண்டிருந்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணைப் பக்கமே இடமில்லை. மணல் இலவசம்தான், ஆனால் அந்த மணலுக்குப் பக்கத்தில் உட்காரும் உரிமை இலவசமாக இல்லை. கருவி மலிவாக இருந்தால் கல்வி தானாகப் பரவிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எழும்பூர் மணல் லண்டனுக்குப் போன கதை

இனிமேல்தான் கதையில் திருப்பம். ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல் 1787-ல் சென்னை வந்தார். 1789-ல் எழும்பூரில் தொடங்கப்பட்ட ராணுவ அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே இருந்தவர்கள் ஆங்கிலேயச் சிப்பாய்களின் பிள்ளைகள். பலருக்குத் தாய் இந்தியப் பெண்.

ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பெல் பார்த்தார். (அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழர்களைத்தான் மலபார் என்று சொன்னார்கள். கேரளா என்று நினைத்துவிட வேண்டாம்.) உடனே விடுதிக்குத் திரும்பி, அடிவகுப்புக்கு அதேபோல மணலில் சொல்லிக்கொடுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை, நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். பெல் என்ன செய்தார்? ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு வகுப்பை அவனிடம் ஒப்படைத்துவிட்டார்! சம்பளம் வாங்கும் பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பொடியன் செய்து காட்டினான். அங்கிருந்து ஒவ்வொரு வகுப்பும் மாணவர்கள் கைக்கே போனது.

1796-ல் ஊர் திரும்பிய பெல், அடுத்த வருடம் லண்டனில் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வந்தது. 1798-ல் லண்டன் சதர்க் பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி இதே பாணியில் நடத்தினார். இருவரில் யார் முதலில் என்று பிறகு பெரிய சண்டையே நடந்தது, அது இங்கே வேண்டாம்.

கவனிக்க வேண்டியது லங்காஸ்டர் பள்ளியின் சாமான்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விளிம்பு கட்டிய மேசை, அதில் உலர்ந்த மணல், நிரவிவிட ஒரு தட்டை. நம்மூர்த் தரை அங்கே மேசையாகிவிட்டது, அவ்வளவுதான். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு சிலேட். காகிதமும் மையும் விலை அதிகம், சிலேட்டை அழித்து அழித்து எழுதலாம். புத்தகம்? ஆளுக்கொன்று வாங்கினால் கட்டுப்படியாகாது. எனவே பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் தொங்கவிட்டார். ஒரு கூட்டம் அதன் முன் நின்று படித்துவிட்டு நகரும், அடுத்த கூட்டம் வரும். ஒரே புத்தகம், மொத்தப் பள்ளிக்கும்! ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளைக் கூடச் சமாளிக்கலாம் என்று லங்காஸ்டர் சொன்னார்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். நிலையான செலவு ஒன்று, அதை எத்தனை தலையில் பகிர்ந்தால் தலைக்கு எவ்வளவு குறையும் என்ற கணக்கு. தொழிற்சாலைகள் எழுந்துகொண்டிருந்த இங்கிலாந்துக்கு இந்தக் கணக்குதான் பிடித்துப்போனது. திண்ணையில் சட்டாம்பிள்ளை இருந்தது ஒரு வாத்தியாருக்கு உதவியாக. இங்கிலாந்தில் அதே சட்டாம்பிள்ளை பத்து வாத்தியார்களின் சம்பளத்தை மிச்சப்படுத்தும் வழியாக மாறினான்.

மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே பெல் கடைசிவரை சொன்னார், மணல் மட்டும்தான் மதராஸிலிருந்து வந்ததாம். ஆனால் மன்றோவின் கணக்கெடுப்புக்காக 1823-ல் அறிக்கை எழுதிய பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல், உள்ளூர்ப் பள்ளிகளின் சிக்கனத்தையும் மூத்தவர் இளையவருக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் பாராட்டிவிட்டு, இங்கிலாந்து இதைப் பார்த்துச் செய்தது தகும் என்கிற அர்த்தத்தில் எழுதிவிட்டார். கம்பெனியின் சொந்த கலெக்டரே!

பெல் 1832-ல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் சொத்தில் உருவான பள்ளி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் நடக்கிறது. பெயர் 'மதராஸ் காலேஜ்'. சென்னை தன் பழைய பெயரை 1996-ல் மாற்றிக்கொண்டுவிட்டது. அந்தப் பெயரை அங்கே இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த மணலில் எழுதிக்கொண்டிருந்த தமிழ்ப் பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட எங்கும் பதிவாகவில்லை.

மதராஸ் முறை இங்கிலாந்தில் அதிக காலம் நிற்கவில்லை. எட்டு வயதுப் பையன் எழுத்துக் கற்றுக்கொடுக்கலாம். அதற்கு மேல்? தான் படித்ததை ஒப்பிக்க வைக்க முடியும், ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. 1846-ல் அரசு, பயிற்சி பெறும் மாணவ-ஆசிரியர் திட்டத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது.

கரும்பலகை வந்தது, குச்சி இடம் மாறியது

கரும்பலகைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பெயர் ஜேம்ஸ் பில்லன்ஸ், எடின்பரோ உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். பெரிய பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்து பூகோளம் நடத்தியவர். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1801-லேயே கணக்கு வகுப்புக்குக் கரும்பலகை இருந்தது. ஆனால் 11-ம் நூற்றாண்டிலேயே இந்தியாவுக்கு வந்த அல்பெரூனி, இங்கே பள்ளிப் பிள்ளைகள் கறுப்புப் பலகையில் வெள்ளைப் பொருளால் எழுதுவதாகக் குறித்து வைத்திருக்கிறார். அது கையில் பிடிக்கும் பலகை. அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியதுதான் மேற்கின் பங்கு.

சுவரில் மாட்டியது சின்ன மாற்றம் போலத் தோன்றும். உண்மையில் வகுப்பறையையே அது திருப்பிப் போட்டுவிட்டது. அதுவரை ஒவ்வொரு பிள்ளையும் தன் மணலைப் பார்த்தது, தன் ஓலையைப் பார்த்தது. இப்போது எல்லோரும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். பெஞ்சுகள் வரிசையாகின. ஒரே வயது, ஒரே பாடம், ஒரே வேகம். குச்சி ஆசிரியர் கைக்குப் போனது. பிள்ளையின் வேலை 'பார்த்து எழுது'. நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் ஒரு வரைபடத்தைக் காட்ட முடிந்தது பெரிய லாபம்தான், மறுக்க முடியாது. இன்றைக்கும் ஐந்தொகையின் இரண்டு பக்கமும் டேலி ஆவதைப் புரியவைக்கக் கரும்பலகையை விட நல்ல கருவி இல்லை. ஒவ்வொரு வரியாக எழுத எழுத, எங்கே தொகை போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் நாற்பதில் பின் பெஞ்சில் உட்கார்ந்த பதினைந்து பேருக்கு என்ன புரிந்தது என்று கரும்பலகைக்குத் தெரியாது.

நம்மூரில் கரும்பலகையைப் பராமரித்த விதம் அழகானது. வெளுத்துப் போனால் பிள்ளைகள் ஊமத்தை இலையும் கோவை இலையும் பறித்து வந்து அடுப்புக்கரியோடு சேர்த்து அரைத்துப் பூசுவார்கள். ஓலைச் சுவடிக்குப் பூசிய அதே சாமான்கள்! ஸ்காட்லாந்துப் பலகை என்று யார் சொன்னாலும், அதைக் கறுப்பாக்கியது மையாடலின் கைப்பக்குவம்தான். சிலேட்டைத் துடைக்கவும் கோவை இலைதான். ஆந்திராவின் மார்க்காபூர் சிலேட்டும் பல்பமும் எத்தனை தலைமுறைக்கு எழுத்து கொடுத்தன! குச்சி பிள்ளை கையில் மிச்சம் இருந்த ஒரே இடம் அந்தச் சிலேட்தான்.

எல்லாப் பள்ளிகளிலும் கரும்பலகை இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1985-ல் மத்திய அரசே வெளியிட்ட கல்விக் கொள்கை ஆவணத்தின்படி, நாட்டில் பத்துக்கு நான்கு பள்ளிகளில் கரும்பலகை கிடையாது. அதன் பிறகுதான் 1987-ல் கரும்பலகைத் திட்டம் தொடங்கியது.

வானத்திலிருந்து பாடம்

கரும்பலகையே போய்ச் சேராத நாட்டில் செயற்கைக்கோள் முன்னதாகவே வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம், நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பினார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. உலகமே திரும்பிப் பார்த்த சோதனை அது. ஆந்திராவும் கர்நாடகாவும் இருந்தன, தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் என்ற செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினார்கள். 2010-ல் அதன் ஆயுள் முடிந்தது.

இந்த நம்பிக்கைக்குப் பெரிய முன்னோடி தாமஸ் ஆல்வா எடிசன். பள்ளிகளில் புத்தகம் சீக்கிரமே காணாமல் போய்விடும், சினிமாவே எல்லாவற்றையும் கற்பித்துவிடும் என்று 1913-ல் சொன்னார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஜூன் மாதம் பாடப்புத்தகம் வரவில்லை என்றால் இன்றும் அது செய்திதான்! சினிமா, ரேடியோ, டிவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் இதே வாக்குறுதி கொடுக்கப்பட்டது. லங்காஸ்டரின் 'ஒருவர் ஆயிரம் பேருக்கு' என்ற கணக்கு அப்படியே 'ஒருவர் லட்சம் பேருக்கு' என்று வளர்ந்தது. இதில் குச்சி ஆசிரியர் கையிலும் இல்லை, பிள்ளை கையிலும் இல்லை. ஏதோ ஒரு ஸ்டுடியோவில் இருந்தது.

சுவரின் அடிப்பாகம்

தமிழ்நாட்டில் 2003-ல் வேறு ஒரு முயற்சி தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் இருந்த முறையைப் பார்த்து, அப்போது சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் சில மாநகராட்சிப் பள்ளிகளில் அதைக் கொண்டுவந்தார். பெயர் செயல்வழிக் கற்றல். 2007-08-ல் மாநிலம் முழுவதும் போனது. பாடம் சின்னச் சின்ன அட்டைகளாக உடைக்கப்பட்டது. சுவரில் ஒரு ஏணிப்படி வரைபடம், அதில் தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளையே பார்த்து அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். நான்கு வகுப்புப் பிள்ளைகளும் பாயில் கலந்து உட்கார்வார்கள். சில குழுக்களுக்கு ஆசிரியர் துணை, சில குழுக்களுக்குச் சக மாணவர் துணை. சட்டாம்பிள்ளை, கோதண்டம் இல்லாமல் திரும்பி வந்துவிட்டார்!

எல்லாவற்றையும் விட முக்கியமாகச் சுவரின் அடிப்பாகத்தில், தரையிலிருந்து பிள்ளைக்கு எட்டும் உயரத்துக்கு, அறையைச் சுற்றிக் கறுப்பு அடித்தார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. அதில் எழுதுவது பிள்ளைதான். கரும்பலகை வந்து இத்தனை காலம் கழித்து அதை இரண்டடி கீழே இறக்க யாருக்கோ தோன்றியிருக்கிறது. கேட்டால் சாதாரண பெயின்ட் வேலை. குறைகளும் சொல்லப்பட்டன. அட்டைகளைச் சரிபார்த்துப் பதிவு செய்வதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள், வீட்டில் புத்தகத்தையே காணோமே என்று பெற்றோர். அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தக் கீழ்க் கரும்பலகை அளவுக்கு மலிவாகவும் துணிச்சலாகவும் நம் வகுப்பறையில் எதுவும் நடக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு வந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை. 2011-ல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி, 2018-ல் புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, ஸ்மார்ட் வகுப்பறைகள். தொடுதிரையில் விரலால் எழுதினால் எழுத்து வருகிறது, உள்ளங்கையால் தடவினால் அழிகிறது. எழும்பூர் மணலுக்கும் இதற்கும் வித்தியாசம் விலையில் மட்டும்தானா என்று தோன்றும். இன்னொரு வித்தியாசம் உண்டு. மணல் ஆளுக்கொரு பிடி இருந்தது, ஸ்மார்ட் போர்டு வகுப்புக்கு ஒன்று.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்தப் புதிய கருவிகளுக்கெல்லாம் உண்மையான பரீட்சை வந்தது. ஆசிரியர் இல்லை, கரும்பலகை இல்லை. டிவி இருந்தது, போன் இருந்தது. வீட்டில் இருக்கும் ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால் பாடமும் அவரோடு போய்விடும். டிவியில் பாடம் ஓடும், புரியவில்லை என்று கையைத் தூக்கினால் அதற்குத் தெரியாது. எடிசனின் கனவு முழுமையாக நடந்தேறிய காலம் என்றால் அதுதான். முடிவில் பிள்ளைகள் எழுத்தையே மறந்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சானது.

அரசு அதற்கு என்ன மருந்து கண்டுபிடித்தது? புதிய மென்பொருள் இல்லை. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டு அண்ணன் என்று அந்தந்தத் தெருவில் படித்தவர்கள் தன்னார்வலர்கள் ஆனார்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் ஒன்றரை மணி நேரம் வரை பாடம். இடம்? வீட்டு வாசல், கோயில் மண்டபம், மரத்தடி, திண்ணை. மன்றோ காலத்தில் 4,540 பேராக மட்டும் இருந்த பெண் பிள்ளைகள் இந்த முறை வரிசையில் சரிபாதியாக உட்கார்ந்திருந்தார்கள், எதிரே சொல்லிக்கொடுத்தவரும் ஒரு பெண்.